மூன்றாமவரின் பதில்கள்

அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன். வந்ததிலிருந்து முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம்; இதை எழுதியவளே நானாகவும் இருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மருத்துவமனைகளில் ஒப்புதல் படிவம் என்று நீட்டுகிறார்களே, அவற்றுள் பல என் வீட்டு மேசையில் எழுதப்பட்டவை. எங்கே, பார்ப்போம். இல்லை, இது என்னுடையது அன்று. நான் எழுதியிருந்தால் ‘மேற்படி சிகிச்சை நிமித்தம்’ என்று தொடங்கியிருக்க மாட்டேன். இதில் சொல்லியிருப்பது இவ்வளவுதான். உங்கள் கணவரின் மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்துக்கு இரத்தம் போகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடைப்பை நீக்க வேண்டியிருந்தால் உங்களை மறுபடியும் கேட்பார்கள். கையெழுத்து இங்கே. மாலைக்குள் கொடுத்தால் போதும்.

எனக்கு என்னவா? என் தங்கை உள்ளே இருக்கிறாள். மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர், எல்லாருக்கும் மங்கை. இதய வால்வு சுருங்கிவிட்டது என்கிறார்கள். நாளை அறுவை செய்வதா, தள்ளிப் போடுவதா என்று பெரிய டாக்டர் வந்துதான் முடிவு செய்வாராம். நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம். அவருக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அந்த அட்டை என்னிடம் இல்லை. உடன்பிறந்தவள் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, எதிர்வீட்டு ஜெயசீலி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறாள். யார் உடன் இருப்பது என்று நர்ஸ் கேட்டபோது, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் தங்கை அவளை நோக்கிக் கையைக் காட்டினாள். நான் செய்த குற்றம் என்ன? காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வெளியார், உங்களுக்கு ஒரு பக்கச் சார்பு இருக்க நியாயமில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் தொழில் இன்னதென்று முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

நான் விலங்கியலில் பட்டம் பெற்றவள். தந்தையார் தமிழ்ப் புலவர்; ஆகையால் இலக்கணம் வீட்டிலேயே வாய்த்தது, பின்னர் முறையாகவும் கற்றேன். இரண்டும் அறிந்தவர்கள் அப்போது அரிது. அறிவியல் களஞ்சியம் ஒன்றில் உயிரியல் பகுதிக்குத் துணையாசிரியராக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பணி பாதியில் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து நான் தனியாள். எந்த அலுவலகத்திலும் எனக்கு நாற்காலி கிடையாது. ஆனால் பல அலுவலகங்களுக்கு எழுதுகிறேன். கொசுவைப் பற்றிச் சுகாதாரத் துண்டறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்பு, புதிய மருந்தைச் சோதிக்க வருவோருக்கான விளக்கம், பத்திரிகைகளுக்கு உடலியல் கட்டுரை எல்லாம் எழுதுவேன். எதிலும் என் பெயர் இராது. மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த ஆசிரியை நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அப்ப வீட்லதான் இருக்கீங்க’ என்று சொல்லி ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டு போனார்.

அதனால்தான் நான் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். உறையூரில் எங்கள் வீடு. கீழே நான், மாடியில் மங்கை. அவள் கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். இருவருக்கும் திருமணம் கூடிவரவில்லை. அது வேறு கதை. என் முன்னறைக் கதவு சாத்தியிருந்தால் நான் வேலையில் இருக்கிறேன் என்று பொருள். சாத்திய கதவை யாரும் தட்டக் கூடாது. வீட்டிலிருந்து வேலை செய்கிற பெண்ணுக்குக் கதவுதான் அலுவலகம். இதை மங்கை ஒருபோதும் மீறியதில்லை. அதற்காக அவளைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அவளுக்குப் பேசத் தெரியாது. ஊமை என்று சொல்லவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாது. மாலையில் நான் கதவைத் திறந்ததும் வந்து நின்று, ‘என்னமோ மாதிரி இருக்குக்கா’ என்பாள். என்னமோ என்றால் எது? எந்த இடத்தில்? வலியா, எரிச்சலா, களைப்பா? உண்பதற்கு முன்பா, பின்பா? நான் கேட்டால், ‘ஒண்ணுமில்லக்கா, விடு’ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியேறிப் போய்விடுவாள். இப்படிப் பேசினால் யாருக்குத்தான் என்ன விளங்கும்?

அது கிடக்கட்டும். ஐதராபாத்தில் ஒரு நிறுவனம். பல மொழிகளில் மருத்துவ எழுத்துப் பணிகளை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர்கள். அங்கே மாதுரி என்னும் பெண் என் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த ஆண்டு அவர்கள் ஒரு வினாத்தொகுப்பு அனுப்பினார்கள். இதய நோயாளிகள் தங்கள் நிலையைத் தாங்களே டாக்டருக்குத் தெரிவிப்பதற்கான கேள்விகள். அவற்றை நான் தமிழில் அமைக்க வேண்டும். அதோடு வேலை முடிவதில்லை, அம்மா. அமைத்தபின் நோயில்லாத சாதாரண மனிதர்கள் சிலரைத் தனித்தனியே உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, ‘இது என்ன கேட்கிறது, உங்கள் சொற்களில் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அவர் தம்மைப் பற்றிப் பேசக் கூடாது, கேள்வியைப் பற்றித்தான் பேச வேண்டும். யாருக்கும் பெயர் கிடையாது. முதலாமவர், இரண்டாமவர் என்றே குறிப்போம்.

முதலாமவர் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர். இரண்டாமவர் கோயில் வாசலில் பூ விற்கிற பெண். அருமையாகச் சொன்னார்கள். மூன்றாமவராக ஒப்புக்கொண்டிருந்த தையற்காரர் வரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடை தைத்து மாளவில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார். மாதுரியோ விரைவாக அனுப்பச் சொல்லியிருந்தாள். ஆகவே மாடியைப் பார்த்து மங்கையைக் கூப்பிட்டேன். உறவினரைக் கேட்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

‘என்னையவா கேக்கப்போற?’ என்றாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வங்கியில் கடன் கேட்கப் போகிறவளைப் போல் இருந்தது. விதியை எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஆனால் ஒரு கேள்விக்காவது அவள் விதிப்படி பதில் சொல்லியிருந்தால் கேளுங்கள்.

‘சமதரையில் நடக்கும்போது உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா?’ என்று படித்தேன். எவ்வளவு தெளிவான வாக்கியம் பாருங்கள். அவள் சொன்னது: ‘பால் பூத்துக்குப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிக்கிறேன்க்கா. சும்மா நின்னா யாராவது கேப்பாங்கல்ல. அதனால ஒரு எடத்துல கோலத்தைப் பாக்குற மாதிரி நிப்பேன், இன்னொரு எடத்துல செருப்பைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சுக்குவேன்.’

‘மங்கை, உன்னைக் கேட்கவில்லை. வாக்கியம் என்ன கேட்கிறது?’

‘அதைத்தான் கேக்குது’ என்றாள்.

சரி, புரிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அடுத்தது, ‘உறங்கும்போது எத்தனை தலையணைகள் வைத்துக்கொள்கிறீர்கள்?’ எதற்கு இந்தக் கேள்வி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இதயம் தளர்ந்தவர்களுக்கு நுரையீரலில் நீர் கோக்கும். மட்டமாகப் படுத்தால் மூச்சுத் திணறும். இதை நான் கட்டுரையாகவே எழுதியிருக்கிறேன். மங்கை என்ன சொன்னாள் தெரியுமா? ‘ரெண்டு தலகாணியும் பத்தலக்கா. அம்மாவோட பட்டுப்புடவையெல்லாம் மூட்டை கட்டி அடியில வச்சு, சாஞ்சாப்ல உக்காந்துதான் தூங்குறேன்.’

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். அம்மாவின் பட்டுப்புடவைகள். ஆண்டுதோறும் எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பு மாற்றி வைத்துக் காத்துவந்தவை. அவற்றை மூட்டை கட்டித் தலைக்கு வைத்திருக்கிறாள். சரிகை என்னவாகும்? நான் பேட்டியை அப்படியே நிறுத்திவிட்டு மாடிக்குப் போய், மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். நான் திரும்பி வரும்வரை அவள் அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

‘இன்னும் கேள்வி இருக்காக்கா?’ என்றாள். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் அவள் குணம்.

கால் வீக்கம் பற்றிய கேள்வி. அதற்கு அவள் சிரித்தாள். ‘ஆம்பளச் செருப்பு வாங்கிட்டேன்க்கா. சாயந்தரமானா எஞ்செருப்புக்குள்ள எங்கால் போகமாட்டேங்குது.’ அப்போதுதான் எனக்கு ஒரு புதிர் விடுபட்டது. சில வாரங்களாக வாசலில் ஓர் ஆண் செருப்பு கிடக்கும். யார் வந்திருப்பது என்று நான் பலமுறை கேட்டும் சரியாகப் பதில் சொல்லவில்லை. பாருங்கள், இதைக்கூட நேரே சொல்ல மாட்டாள்.

கடைசிக் கேள்வி என்னுடைய அமைப்பில் எனக்கே பிடித்த ஒன்று. ‘உங்கள் உடல்நிலை குறித்து உங்களுக்கு நெருக்கமானவர்களிடம் தயக்கமின்றிப் பேச முடிகிறதா?’ மங்கை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, ‘இந்தக் கேள்வி வேணாம்க்கா. எடுத்துரு’ என்றாள். கேள்வியை எடுக்க எனக்கு அதிகாரமில்லை. மூலத்தில் உள்ளது தமிழிலும் இருந்தாக வேண்டும். அதை விளக்கிச் சொன்னேன். ‘இக்கேள்வியை நீக்குமாறு மூன்றாமவர் பரிந்துரைத்தார், பரிந்துரை ஏற்கப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

எழுந்து போகும்போது கதவருகே நின்று, ‘நல்லவேளை, நீயாக் கேட்ட. நான் எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்’ என்றாள். என் கேள்விகள் அவளைப் போன்றவளையும் பேச வைத்துவிட்டன என்று எனக்கு மனநிறைவாக இருந்தது. இப்படிப்பட்ட சான்றுதானே எங்கள் தொழிலில் பெரிது?

பதில்களை ஐதராபாத்துக்கு அனுப்பினேன். மாதுரி தொலைபேசியில் அழைத்தாள். முதலாமவர் சரி, இரண்டாமவர் சரி. ‘மேடம், அந்த மூன்றாமவர் நோயாளியா? நோயில்லாதவர்களைத்தானே கேட்டிருந்தோம்’ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆண்டுகளில் என் தேர்வைப் பற்றி எவரும் ஐயம் எழுப்பியதில்லை. ‘மூன்றாமவரை அவர் பிறந்த நாள் முதலாக அறிவேன், அம்மா. அவருக்கு எந்த நோயும் இல்லை’ என்றேன். அவள் விடவில்லை. ‘இல்லை மேடம், இவர் யாராக இருந்தாலும் ஒரு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்’ என்றாள். பிள்ளைகள் இப்படித்தான், இரண்டு வினாத்தொகுப்புகளைப் பார்த்தவுடன் வைத்தியராகிவிடுகிறார்கள். வாதம் எதற்கு என்று மூன்றாமவரின் பதில்களை அடியோடு நீக்கிவிட்டு, மாவு அரைக்கும் கடைக்காரரிடம் கேட்டு அனுப்பினேன். அவர் விதிப்படி சொன்னார்.

மங்கையிடம் மறைக்கவில்லை. ‘உன் பதில்களை ஏற்கவில்லை, நீ உன்னைப் பற்றியே பேசிவிட்டாய்’ என்று சொன்னேன். ‘சரிக்கா’ என்றாள். அதற்குப் பிறகு ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்றுகூட அவள் சொன்னதில்லை. உடம்பு தேறிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆடி போயிற்று, நவராத்திரி போயிற்று, மழை பிடித்துக்கொண்டது. நேற்று முற்பகல் அதே வினாத்தொகுப்பின் இறுதி வடிவத்தைப் பற்றி ஐதராபாத்துடன் பேசிக்கொண்டிருந்தேன். காதை அடைக்கும் தொலைபேசிக் கருவியை மாட்டியிருந்தேன், கதவு சாத்தியிருந்தது. பேசி முடித்துக் கதவைத் திறந்தால் தெருவே கூடி நிற்கிறது. மங்கையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஜெயசீலி போய்விட்டாள். மங்கை அவளைத்தான் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். ஒரு படிக்கட்டு இறங்கினால் நான்.

இங்கே வந்ததும் ஜெயசீலியை நேராகவே கேட்டேன், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று. அவள் வாய் உங்களுக்குத் தெரியாது. ‘உங்க கதவு சாத்தியிருந்துச்சுங்க. தட்டப் போனேன். மூச்சு விட முடியாம கெடக்கவ, தட்டாத தட்டாதன்னு கையை ஆட்டுறா. நான் என்ன பண்ணட்டும்? ஆட்டோக்காரன் அடிச்ச ஹாரன்ல மூணாவது தெருக்காரன்லாம் வந்து எட்டிப் பாத்தான். நீங்க அசையலயே’ என்கிறாள். ஒழுங்கு என்றால் அவசரத்துக்கு விலக்கு இல்லையா? அது மங்கைக்குத் தெரிய வேண்டாமா?

‘அதுக்கென்னங்க, பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் பழக்கி வச்சிருக்கீங்க’ என்று ஒரு குத்தல் வேறு.

காலையில் கட்டிலருகே இருந்தவள் நான்தான். அட்டை கொடுப்பதற்கு முன்பு. ஓர் இளம் டாக்டர் வந்தார். மங்கைக்கு முகத்தில் ஆக்சிஜன் மூடி, பேசக் கூடாது. அதனால் என்னைக் கேட்டார். ‘இவங்களுக்கு எப்போலேருந்து மூச்சு வாங்குது? மட்டமா படுக்க முடியாம எவ்வளவு காலமா இருக்காங்க? கால் வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது?’ புதிதாக வந்ததா, நாள்பட்டதா என்று தெரிந்தால்தான் இதயம் எந்த அளவுக்குத் தாங்கும் என்று கணிக்க முடியுமாம். முறையான கேள்விகள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். ‘டாக்டர், இவள் என்னிடம் எதையும் தெரிவித்ததில்லை. தெரியாது என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஊகமாக ஒன்றை நான் சொல்லி, நீங்கள் அதை வரலாறாக எழுதிவிடக் கூடாது’ என்றேன். அவர்கூட ஒரு கணம் என்னை மதிப்பாகப் பார்த்தார்.

அப்போது மங்கை என்னைப் பார்த்தாள். மூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கோபமா என்றால் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. பேருந்து நிற்காமல் போய்விட்டால் அது போகிற திக்கையே பார்த்துக்கொண்டு நிற்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். சற்றுநேரத்தில் நர்ஸ் அட்டையோடு வந்தாள். நடந்ததைத்தான் முன்பே சொன்னேன்.

இப்போது சொல்லுங்கள். ஒரு பொய் சொன்னேனா? என் தங்கை நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு உண்டா? அவளுக்கு என்னையும் எனக்கு அவளையும் விட்டால் யாரும் இல்லை. நாளை அவளை உள்ளே கொண்டுபோகும்போது கையைப் பிடித்துக்கொள்ள நான் அங்கே இருக்க வேண்டும். அவள் பயந்த சுபாவம். சிறுவயதில் ஊசி போடப் போனால் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். அந்தப் பயத்தை ஜெயசீலி எப்படி அறிவாள்?

இதோ, ஜெயசீலியே வருகிறாள். நடையைப் பார்த்தால்... இருங்கள். என்ன ஜெயசீலி, என்ன?

கேட்டீர்களா அம்மா, இவள் சொல்வதை? பெரிய டாக்டர் வந்திருக்கிறாராம். அவரும் அதையே கேட்கிறாராம், எப்போதிலிருந்து என்று. ‘எனக்கென்னங்க தெரியும், நான் எதிர்வீட்டுக்காரி’ என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் மங்கையின் மூடியைக் கொஞ்சம் விலக்கிக் கேட்டாராம். அதற்கு அவள், ‘எல்லாம் அக்காகிட்ட சொல்லிட்டேன். அக்காவைக் கேளுங்க’ என்றாளாம். அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். இதோ, இதுதான் அட்டை.

எல்லாம் சொல்லிவிட்டாளாம். நீங்கள்தான் சாட்சி. இவ்வளவு நேரம் ஒன்று விடாமல் உங்களிடம் சொன்னேனே. அதில் எங்கே சொன்னாள்? எப்போது சொன்னாள்? இப்போது நான் உள்ளே போய் அந்த டாக்டரிடம் என்னவென்று சொல்வது? கையில் அட்டை இருக்கிறது, சொல்வதற்கு ஒரு வார்த்தை இல்லை. வருகிறேன் ஜெயசீலி, ஒரு நொடி.

என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்த சமயத்திலேயே மூச்சு வாங்கியதென்றா? அப்போதே உட்கார்ந்துகொண்டுதான் தூங்கினாள் என்றா? கால் வீக்கம் அதற்கும் சில வாரங்கள் முன்பே என்றா?

அம்மா, உங்களுக்கு இதையெல்லாம் யார் சொன்னது?